3200 × 1800 திரை, மெல்லிய லேப்டாப்: சில வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டவை

நாள் முழுக்கத் தமிழ் எழுத்தைத் திரையில் வாசிக்கிறவர்களுக்கு ரெசல்யூஷன் கூடிய, அதாவது பிக்சல் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) அதிகம் கொண்ட திரையுள்ள லேப்டாப் ஆடம்பரம் இல்லை, அது தேவை என்பது என் உறுதியான கருத்து. மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் வடிவமைப்பதும் என் வேலை. மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா, அங்கே இருப்பது கியா கீயா, முவா ழுவா என்று முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். 13.3 அங்குலத்தில் 3200 × 1800 பிக்சல் கொண்ட மெல்லிய லேப்டாப்புக்கு மாறிய பிறகு அந்தச் சிரமம் பெருமளவு போய்விட்டது. புள்ளி புள்ளியாகவே தெரிகிறது, கீயின் சுழி சுழியாகவே தெரிகிறது. சில வருடங்களாக அதுதான் என் முதன்மைக் கணினி.

ஆனால் எனக்கு வந்த தொந்தரவுகளில் பாதிக்கு மேல் அதே திரையிலிருந்துதான் வந்தன. திரை மட்டும் தனியாக மேம்பட்டு மற்றதெல்லாம் அப்படியே இருப்பதில்லை. பேட்டரி, சூடு, பழைய மென்பொருள்கள், வெளியே இணைக்கும் மானிட்டர் என்று எல்லாமே அதற்கு ஏதோ ஒரு விதத்தில் ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்கினால் வருத்தப்பட வேண்டியதில்லை, ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கும் பெரும்பாலான பிரச்சினைகளுக்கு வழி உண்டு.

முதலில் கொஞ்சம் கணக்கு. 13.3 அங்குலத்தில் 1920 × 1080 என்றால் ஒரு அங்குலத்துக்கு 166 பிக்சல். 3200 × 1800 என்றால் 276. 3840 × 2160, அதாவது 4கே என்றால் 331. குறை இல்லாத கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைப் பிரித்தறிய முடியும் என்பது பொதுவான அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால் 50 செ.மீ. தூரத்திலிருந்து சுமார் 175 பிக்சல் போதும், அதற்கு மேல் வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் சின்ன லேப்டாப்பை யாரும் எப்போதும் 50 செ.மீ. தள்ளி வைத்துப் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் குனிகிறோம், தூரம் 35 செ.மீ. ஆகிவிடுகிறது, அப்போது தேவை 250 பிக்சல் ஆகிவிடுகிறது. அதோடு, வளைந்த கோட்டின் விளிம்பில் இருக்கும் படிக்கட்டுத் தன்மையைக் கண் இந்த அளவுகோலைவிட நுட்பமாகவே பிடித்துவிடும், தமிழ் எழுத்தோ கிட்டத்தட்ட முழுக்க வளைவுகள். அதனால் இந்த அளவுத் திரைக்கு 220 முதல் 280 வரை உள்ள அடர்த்திதான் பொருத்தம் என்பது என் முடிவு. 2560 × 1600 அல்லது 2880 × 1800 திரைகள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். 13 அங்குலத்தில் 4கே எடுத்தால் அந்தக் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் பேட்டரிக்கு நன்றாகத் தெரியும். 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், என்னுடையதில் 57.6 லட்சம், 4கேயில் சுமார் 83 லட்சம். இத்தனையையும் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்க வேண்டும்.

மெல்லிய லேப்டாப் வகைக்கு அல்ட்ராபுக் என்ற பெயரை இன்டெல் 2011-இல் கொண்டுவந்தபோது 13.3 அங்குலத் திரை உள்ளவை 18 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளே இருந்த புராசஸர் 17 வாட் வகை, பிறகு 15 வாட் ஆனது. 2012-இல் ஆப்பிளின் மேக்புக் ப்ரோ 2880 × 1800 திரையோடு வந்தது, அடுத்த வருடமே விண்டோஸ் லேப்டாப்புகளில் 3200 × 1800 வந்துவிட்டது. அவ்வளவு பிக்சலை இயக்கும் வேலை, ஒல்லியான உடம்பில் சின்ன ஃபேனோடு இருக்கும் 15 வாட் புராசஸர் தலையில் விழுந்தது. மென்பொருள்களும் அப்போது தயாராக இல்லை.

மென்பொருள் பிரச்சினையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாங்கிய முதல் நாளே கண்ணில் படுவது அதுதான். விண்டோஸ் 100 சதவீதம் என்று சொல்வது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற பழைய கணக்கு. 276 பிக்சல் திரையில் 100 சதவீதம் வைத்தால் எழுத்து எறும்பு அளவில் இருக்கும். அதனால் 200 அல்லது 250 சதவீத ஸ்கேலிங் (எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) வைக்கிறோம். 200 வைத்தால் வேலை செய்ய 1600 × 900 அளவு இடம் கிடைக்கும், 250 வைத்தால் 1280 × 720 அளவுதான். இது பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பிக்சல் கூடினால் திரையில் அதிக விஷயம் கொள்ளும் என்று எதிர்பார்த்து வாங்குகிறார்கள். கொள்வது கூடாது, தெளிவுதான் கூடும். இடம் வேண்டும் என்றால் பெரிய திரைதான் வாங்க வேண்டும்.

நான் 200-இல் நிலையாக இருக்கிறேன். 225 பார்ப்பதற்கு வசதியாக இருந்தாலும் மெல்லிய கோடுகளும் பழைய ஐகான்களும் சற்றுப் பிசிறடிக்கின்றன. 200 என்றால் ஒரு புள்ளிக்கு சரியாக இரண்டுக்கு இரண்டு என்று நான்கு பிக்சல், மிச்சம் மீதி இல்லை. எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்றால் ஸ்கேலிங்கைத் தொடாமல் உலாவியிலும் வேர்டிலும் தனித்தனியாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அக்சசிபிலிட்டி (10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ்) அமைப்பில் எழுத்தளவை மட்டும் கூட்டும் வசதியும் இருக்கிறது.

மென்பொருள்கள் இரண்டு விதமாகச் சொதப்பும், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒரு வகை, ஸ்கேலிங் என்றால் என்னவென்றே தெரியாத பழைய மென்பொருள். விண்டோஸ் அதைச் சின்னதாக வரையவிட்டு, அந்தப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், எல்லாம் மங்கலாகத் தெரியும். இன்னொரு வகை, எனக்கு ஸ்கேலிங் தெரியும் என்று விண்டோஸிடம் அறிவித்துவிட்டு உள்ளே எதுவும் செய்யாதது. அதில் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் மெனுவும் பொத்தானும் அம்புக்குறியால் குறிபார்க்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கும். நான் பயன்படுத்தும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இந்த இரண்டாவது வகை. பழைய கோப்புகளைத் திறக்க அது இல்லாமல் முடியாது, தூக்கிப் போடவும் வழியில்லை.

தீர்வு இது: அந்த மென்பொருளின் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ அமைப்புகளை மாற்றும் பொத்தான். உள்ளே போனால் கடைசியில் ஸ்கேலிங்கை யார் செய்வது என்று தேர்ந்தெடுக்கலாம். பொத்தான்கள் மிகச் சிறியதாக இருந்தால் 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் வலுக்கட்டாயமாகப் பெரிதாக்கிவிடும், சற்று மங்கும், ஆனால் வேலை நடக்கும். மங்கலாக இருப்பதுதான் பிரச்சினை என்றால் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' என்பதை முயன்று பாருங்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இருக்கிறது. பழைய முறையில் எழுத்தை வரையும் மென்பொருள்களில் இது அதிசயம் போல் வேலை செய்யும், எழுத்து பளிச்சென்று ஆகிவிடும். வேறு முறையில் வரைகிறவற்றில் எதுவும் மாறாது, சிலவற்றில் பெட்டிகள் இடம் மாறித் தெரியும், அப்போது பழையபடி வைத்துவிட வேண்டியதுதான். ஜாவாவில் எழுதிய மென்பொருள் என்றால் அது எந்தப் பதிப்பு ஜாவாவில் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் அடர்த்தியான திரைக்கான ஆதரவு ஜாவா 9-இல்தான் வந்தது, 8-இல் ஓடுகிறதென்றால் அந்தச் சின்ன எழுத்துக்கு அதுதான் காரணம்.

ரெசல்யூஷனையே பாதியாகக் குறைத்துவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் தோன்றும். 3200 × 1800-ஐ 1600 × 900 ஆக்கினால் ஒரு பிக்சலுக்கு நான்கு பிக்சல், கணக்கு சரியாக வருகிறது, ஆகவே கூர்மையாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. கிராபிக்ஸ் பகுதி பிக்சலை அப்படியே நான்காகப் பிரதி எடுக்காமல் பக்கத்து நிறங்களோடு கலந்து பரப்பும். அப்படியே பிரதி எடுக்கும் 'இன்டிஜர் ஸ்கேலிங்' 2019 வாக்கில்தான் இன்டெல், என்விடியா டிரைவர்களில் வந்தது, அதுவும் அப்போதைய புதிய சிப்புகளுக்கு மட்டும். பழைய லேப்டாப்பில் ரெசல்யூஷனைக் குறைப்பது மங்கலுக்கு மங்கலைச் சேர்ப்பதுதான். பேட்டரியும் இதனால் பெரிதாக மிச்சமாகாது. திரையின் பின்விளக்கு அப்படியேதானே எரிகிறது.

வெளி மானிட்டர் இணைப்பது அடுத்த தலைவலி. லேப்டாப்பில் 200 சதவீதம், மேசை மேல் இருக்கும் 24 அங்குல மானிட்டரில் 100 சதவீதம் என்று இருந்தால், ஒரு விண்டோவை இங்கிருந்து அங்கே இழுக்கும்போது சிலது ராட்சத அளவாகும், சிலது மங்கும். ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேலிங் என்பது விண்டோஸ் 8.1-இல் 2013-இல் வந்தாலும் மென்பொருள்கள் அதைக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆயின. நான் கண்ட நடைமுறை வழி: எந்தத் திரையில் அதிக நேரம் வேலையோ அதை முதன்மைத் திரையாக வைத்துவிட்டு, மானிட்டரை இணைத்த பிறகு ஒரு தடவை சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வருவது. பழைய மென்பொருள்கள் உள்ளே வரும் நேரத்தில் முதன்மைத் திரையின் அளவைத்தான் பிடித்துக்கொள்கின்றன, ஆகவே இது ஒன்றே பல மங்கல்களைத் தீர்த்துவிடும்.

4கே மானிட்டர் இணைத்தும் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது என்று நண்பர் ஒருவர் புலம்பினார். அவருடைய லேப்டாப்பின் எச்டிஎம்ஐ 1.4 வகை. அதில் 4கே அதிகபட்சம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். யூஎஸ்பி-சி டாக் (ஒரே கேபிளில் பல இணைப்புகளைத் தரும் பெட்டி) வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒரே கேபிளில் வேகமான யூஎஸ்பியும் படமும் சேர்ந்து போகும்போது படத்துக்குப் பாதி வழிதான் கிடைக்கும், பழைய லேப்டாப்புகளில் அப்போதும் 4கே 30-க்கு இறங்கிவிடும். கேபிள் கெட்டுப்போனது என்று மாற்றி மாற்றி வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, திரைக்கே வருவோம். என் லேப்டாப்பில் எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது மஞ்சள் நிறம். அட்டைப்படம் ஒன்றில் பளீர் மஞ்சள் பட்டை, என் திரையில் அது அழுக்குப் படிந்த மஞ்சளாகத் தெரிந்தது, அச்சில் சரியாக வந்தது. டிரைவர், கலர் புரொஃபைல் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை, காரணம் பேனலின் அமைப்பிலேயே இருந்தது. சாதாரணத் திரையில் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் பிக்சல்கள். அப்போது வந்த சில 3200 × 1800 பேனல்களில் நான்காவதாக வெள்ளையும் சேர்த்து, ஒரு பிக்சலுக்கு இரண்டே துணைப் பிக்சல் வருமாறு பங்கிட்டிருந்தார்கள். வெள்ளைத் துணைப் பிக்சல் நிற வடிகட்டி இல்லாமல் வெளிச்சத்தை அப்படியே விடுவதால் குறைந்த மின்சாரத்தில் பிரகாசமான வெள்ளை கிடைக்கும், பேட்டரிக்கு அது லாபம். ஆனால் சுத்தமான மஞ்சளைக் காட்டும்போது அந்த வெள்ளையால் உதவ முடியாது, சிவப்பும் பச்சையும் மட்டும் எரிய வேண்டும், அவற்றின் எண்ணிக்கையோ குறைவு. பக்கத்தில் இருக்கும் பிரகாசமான வெள்ளையோடு ஒப்பிடும்போது மஞ்சள் செத்துப்போய்த் தெரியும். சில மாடல்களில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டால் இது குறைந்தது, ஆனால் அடிப்படை அமைப்பை எந்த அப்டேட்டும் மாற்றாது.

கறுப்பு வெள்ளை எழுத்து வாசிக்க அந்தப் பேனலில் ஒரு குறையும் இல்லை, அதனால்தான் இன்றும் வைத்திருக்கிறேன். வண்ண வேலை மட்டும் வெளி மானிட்டரில். வாங்கும் முன் சோதிக்க எளிய வழி: முழுத்திரைக்குச் சுத்தமான மஞ்சள் படம் ஒன்றைத் திறந்து, அதே படத்தைக் கைபேசியிலும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. கூடவே சிவப்புப் பின்னணியில் நீல எழுத்து வைத்துப் பாருங்கள், இத்தகைய பேனலில் விளிம்பு உடைந்து தெரியும்.

கண்வலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவ்வளவு கூர்மையான திரையில் இரவில் வேலை செய்தால் ஏன் தலை வலிக்கிறது என்று குழம்பிப்போயிருந்தேன். பிரகாசத்தைக் குறைக்கும்போது சில திரைகள் விளக்கை நிஜமாகவே மங்கச் செய்வதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகின்றன, சராசரியாக மங்கலாகத் தெரியும். நொடிக்கு 200 தடவை போல அணைந்து எரிந்தால் கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, ஆனால் பலருக்கு அயர்ச்சி வரும். தெரிந்துகொள்ள வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் நல்லது, தனித்தனிப் பென்சில்களாகப் பிரிந்து தெரிந்தால் திரை விட்டு விட்டு எரிகிறது. அறை இருட்டாக இருக்க வேண்டும், திரையின் பிரகாசம் குறைவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பல திரைகள் ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் இப்படி அணைந்து எரியத் தொடங்குகின்றன. என்னுடையதும் அப்படித்தான். அதற்குப் பிறகு பிரகாசத்தை அந்த எல்லைக்கு மேலேயே வைத்துவிட்டு, அறை விளக்கைக் கூட்டி, பக்கத்தின் பின்னணியைச் சாம்பலாக மாற்றி வேலை செய்கிறேன். தலைவலி குறைந்துவிட்டது. ஓலெட் திரை (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது) வாங்குகிறவர்கள் இந்தப் பென்சில் சோதனையை அவசியம் செய்ய வேண்டும், அவற்றில் இந்த முறை மிகப் பரவலாக இருக்கிறது. ஒரே மெனுப்பட்டை நாள் முழுக்க அதே இடத்தில் நிற்கும் என் போன்ற வேலைக்கு ஓலெட்டில் தடம் பதிந்துவிடும் கவலையும் உண்டு.

திரை தானாகவே பிரகாசம் மாறுகிறது என்றால் அது வேறு விஷயம், பழுது இல்லை. கறுப்பு விண்டோவிலிருந்து வெள்ளைக்குப் போனால் மெதுவாக வெளிச்சம் ஏறுகிறதா? இன்டெல் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய், பேட்டரியில் இருக்கும்போது திரையின் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். விண்டோஸின் ஆட்டோ பிரைட்னஸை மட்டும் அணைத்தால் இது போகாது.

பேட்டரி. அடர்த்தி கூடும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் நடுவே ஒளி புகாத கம்பிகளும் டிரான்சிஸ்டர்களும் கூடுகின்றன, ஒளி நுழையும் வாசல் சுருங்குகிறது, ஆகவே அதே பிரகாசத்துக்குப் பின்விளக்கு அதிகமாக எரிய வேண்டும். அதே மாடலை 1080 திரையோடு வைத்திருக்கும் நண்பருடைய லேப்டாப் என்னுடையதைவிட எப்போதும் அதிக நேரம் தாக்குப்பிடித்தது. நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் பேட்டரி நேரம் பெரும்பாலும் குறைந்த ரெசல்யூஷன் மாடலில் அளந்தது, அடிக்குறிப்பை வாசியுங்கள்.

வீடியோ பார்க்கும்போது ஃபேன் கத்தினால் புராசஸர் எந்தத் தலைமுறை என்று பாருங்கள். வீடியோவைத் திறக்கும் வேலையை வன்பொருளே செய்தால் லேப்டாப் குளுமையாக இருக்கும், இல்லையென்றால் புராசஸர் மூச்சுமுட்ட உழைக்கும். இணைய வீடியோ வடிவங்களில், இன்டெல் சிப்புகளில் விபி9 வகைக்கு முழுமையான ஆதரவு ஏழாம் தலைமுறையில் வந்தது, ஏவி1-க்கு பதினொன்றாம் தலைமுறையில். அதற்கு முந்தைய லேப்டாப்பில் 4கே வீடியோவை ஓட்டி அழகு பார்ப்பதைவிட 1080-இல் வைத்தால் பேட்டரியும் காதும் நன்றாக இருக்கும். 13 அங்குலத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

பேட்டரியின் உண்மையான நிலையை அறிய கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து (powercfg /batteryreport) என்டர் அடியுங்கள். ஒரு பக்கம் உருவாகும். அதில் தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவும் இப்போது முழு சார்ஜில் கொள்ளும் அளவும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தேய்மானம். மேசையில் சார்ஜரோடு நாள் முழுக்க இருக்கும் லேப்டாப்பில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்திருப்பதுதான் லித்தியம் பேட்டரியை வேகமாக முதுமையாக்குகிறது, இந்த மெல்லிய லேப்டாப்புகளில் இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கின்றன.

என் பேட்டரி உப்பியது. முதலில் தெரிந்த அறிகுறி பேட்டரியில் இல்லை, டச்பேடில். கிளிக் செய்ய அழுத்தினால் இறங்கவில்லை. பார்த்துத் தரச் சொன்ன இடத்தில் டச்பேடையே மாற்ற வேண்டும் என்றார்கள். மேசையில் வைத்தபோது லேப்டாப் லேசாக ஆடியதையும், மூடியை மூடினால் முன்பக்கம் ஒரு நூல் இடைவெளி விடுவதையும் சொல்லி, திறந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே பேட்டரி தலையணை மாதிரி எழும்பி டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றியதும் டச்பேட் தானாகச் சரியாகிவிட்டது. இந்த மூன்று அறிகுறிகளில் எது தெரிந்தாலும் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள், அழுத்தித் தட்டையாக்கப் பார்க்காதீர்கள், குத்திவிட்டால் தீப்பிடிக்கும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

பையில் போட்டு எடுத்தால் லேப்டாப் கொதிக்கிறது, சார்ஜும் தீர்ந்திருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். புதிய லேப்டாப்புகளில் மூடியை மூடினால் பழைய மாதிரி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதில்லை. கைபேசி போல அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயிலும் அப்டேட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். பவர்சிஎஃப்ஜியோடு சாய்கோடு போட்டு ஆங்கில ஏ எழுத்தைச் சேர்த்து அடித்தால் உங்கள் லேப்டாப்பில் எந்த உறக்க நிலைகள் உண்டு என்று காட்டும். எஸ்3 (ஆழ்ந்த உறக்கம்) இல்லை, எஸ்0 (அரைத்தூக்கம்) மட்டும்தான் என்று வந்தால், மூடியை மூடும்போது ஹைபர்னேட் (திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆகும்படி மாற்றிவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட் மறைந்திருந்தால் அங்கேயே காட்டச் செய்யலாம். எஸ்எஸ்டி இருப்பதால் மறுபடி எழும்ப சில நொடிகள்தான் அதிகம் ஆகும். பைக்குள் வேகுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சூட்டைப் பொறுத்தவரை, 15 வாட் புராசஸர் சிறிது நேரம் வேகமாக ஓடும், பிறகு உடம்பு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது அதன் இயல்பு. ஆனால் வாங்கியபோது இருந்ததைவிடச் சீக்கிரமே திணறுகிறது என்றால் காற்று வழியில் தூசி அடைத்திருக்கும். பின்மூடியைக் கழற்றி ஃபேனைச் சுத்தம் செய்யும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்று உறிஞ்சும் ஓட்டை அடிப்பக்கம்தான் இருக்கிறது. இன்னொரு பயனுள்ள வழி: பவர் ஆப்ஷன்ஸின் உள்ளமைப்பில் புராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ (தேவைப்படும்போது வேகத்தை உயர்த்தும் வசதி) நின்றுவிடும், எழுத்து வேலைக்கு வித்தியாசமே தெரியாது, ஃபேன் அமைதியாகிவிடும். நான் பேட்டரியில் இருக்கும்போது எப்போதும் இப்படித்தான். அமைதியான அறையில் கீச்சென்று மெல்லிய விசில் சத்தம் கேட்டால் அது ஃபேன் இல்லை, மின்சுருளின் அதிர்வு. காதுக்குத் தொந்தரவு, ஆபத்து இல்லை. புதிதாக வாங்கியதில் கேட்டால் மாற்றித் தரச் சொல்லலாம்.

ரேம் விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. இந்த வகையில் பெரும்பாலானவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்திருக்கும், பிறகு கூட்டவே முடியாது. என் திரையின் ஒரு முழுப் படம் மட்டும் நினைவகத்தில் சுமார் 23 எம்பி எடுக்கும், 1080 என்றால் 8 எம்பிதான். திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் உலாவியின் ஒவ்வொரு படத்துக்கும் இதே விகிதத்தில் செலவு கூடும். கிராபிக்ஸுக்குத் தனி நினைவகமும் கிடையாது, எல்லாம் இதே ரேமிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே திரைக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை ரேமுக்குத் திருப்புங்கள், 16 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

லினக்ஸ் போடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: 200 சதவீதம் என்றால் பிரச்சினையே இல்லை, இடைப்பட்ட அளவு வேண்டுமென்றால் திரையைக் காட்டும் புதிய அமைப்பான வேலண்டில் முயலுங்கள், பழைய அமைப்பான எக்ஸ்11-இல் இரண்டு வேறு அடர்த்தித் திரைகளைச் சேர்த்து வைப்பது பெரும்பாடு.

கடைசியாகத் திரையின் உடல்நலம். இந்த மூடிகள் மிக மெல்லியவை. திணித்த பைக்குள் சார்ஜரையும் லேப்டாப்பையும் ஒன்றாகச் சொருகினால் அந்த அழுத்தம் திரையில் வெள்ளைத் திட்டாக நிரந்தரமாகப் பதியும். விசைப்பலகையின் எண்ணெய்ப் பசை மூடியபோது கண்ணாடியில் கட்டம் கட்டமாக ஒட்டும், அதை நாள்கணக்கில் விடாமல் மைக்ரோஃபைபர் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துத் துடைத்தால் போதும். அமோனியா கலந்த கண்ணாடிக் கிளீனர் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும்.

திரை துடிக்கிறது, கோடு விழுகிறது என்றால் உடனே பேனல் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் துடித்தால் கீல் வழியாகப் போகும் கேபிள்தான் தேய்ந்திருக்கிறது. வெளி மானிட்டரில் படம் சுத்தமாக வந்தால் கிராபிக்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பயாஸ் திரையிலும் துடித்தால் டிரைவர் காரணமில்லை. எனக்கு இந்தச் சோதனைகளால் மொத்த மூடியையும் மாற்றும் செலவு மிச்சமானது, கேபிள் மட்டும் மாற்றினேன்.

பேனலே உடைந்துவிட்டால் நிலைமை வேறு. டச் உள்ள மாடல்களில் கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டியிருக்கும், பிரிப்பது மிகக் கடினம், பெரும்பாலும் மேல்மூடி முழுவதையுமே வாங்கச் சொல்வார்கள். விலை குறைவு என்று 1080 பேனலைப் போட்டுவிடலாம் என்று நினைத்தால், அதன் இணைப்பு பெரும்பாலும் 30 பின், அடர்த்தி கூடிய பேனலின் இணைப்பு 40 பின், ஆகவே கேபிளையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், பேனலைப் பிடிக்கும் திருகுத் துளைகளும் ஒத்துவர வேண்டும். ஒரே மாடலில் இரண்டு மூன்று வெவ்வேறு பேனல்கள் போட்டு விற்பதும் உண்டு. அதனால் மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், கழற்றிப் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.